சடங்குக் கணக்குக் கேட்கிற நாம் வடிகான் கணக்கையும் கேட்போம்: மட்டக்களப்பு நகரச் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

மட்டக்களப்பு மாநகர எல்லைக்குள் இயங்கும் சனசமூக நிலையங்கள், கிராம அபிவிருத்திச் சங்கங்கள், மாதர் சங்கங்கள், ஆலய பரிபாலன சபைகள், பள்ளிவாசல் நிருவாக சபைகள், தேவாலயப் பங்குச் சபைகள், விளையாட்டுக் கழகங்கள், மரண உதவிச் சங்கங்கள் ஆகியவற்றின் தலைவர், செயலாளர், பொருளாளர்களுக்கும் அங்கத்தவர்களுக்கும்,

வணக்கம்.

நான் உங்களில் ஒருத்தி. பதினெட்டு வருடம் எங்கள் பகுதி மாதர் சங்கத்தில் இருக்கிறேன், அதில் ஏழு வருடம் பொருளாளராக. இந்த மடலை மாநகர முதல்வருக்கோ ஆணையாளருக்கோ எழுதியிருக்கலாம். அவர்களுக்கு எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். உங்களுக்கு ஒருவரும் எழுதுவதில்லை. இந்த நகரத்தில் ஒரு ரூபாவுக்கும் கணக்குக் கேட்கத் தெரிந்தவர்கள் நீங்கள்தான், அதனால் உங்களுக்கு எழுதுகிறேன்.

எங்கள் அம்மன் கோயில் வைகாசிச் சடங்கு என்கிற வருடாந்த விழா முடிந்து இரண்டாம் கிழமை கணக்குக் கூட்டம் நடந்தது. மண்டபத்தில் பாய் விரித்து எண்பது பேர் வரையில் இருந்தோம். பொருளாளர் வரவையும் செலவையும் வாசித்துக்கொண்டு போனார். நல்லெண்ணெய் பன்னிரண்டு போத்தல் என்று வாசித்ததும், பின்வரிசையில் இருந்த ஒரு பெரியவர், எழுபது வயது இருக்கும், எழும்பி நின்றார்.

“நான் கையால எடுத்து வச்ச பதினொரு போத்தல். மறுகா அந்த ஒண்டு எங்க போன?”

ஒரு மணித்தியாலம் அந்த ஒரு போத்தலைப் பற்றித்தான் பேச்சு. பற்றுச்சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். கடைசியில் சங்கதி வெளித்தது: தீர்த்தத்தன்று பக்கத்துப் பிள்ளையார் கோயில் விளக்குக்கு ஒரு போத்தல் கொடுத்திருக்கிறார்கள், கொப்பியில் எழுத மறந்துவிட்டார்கள். அதை எழுதி, தலைவர் கையெழுத்து வைத்து, கூட்டம் ஏற்றுக்கொண்டது. கேட்ட பெரியவர் மேல் யாரும் முகம் சுளிக்கவில்லை. பொருளாளரும் கோபிக்கவில்லை. கேட்பது அவருடைய பாத்தியதை, சொல்வது இவருடைய கடமை. அன்றைக்கு அந்தக் கூட்டத்தில் இருந்ததை நான் பெருமையாக நினைக்கிறேன்.

இது எங்கள் ஊருக்குப் புதிதல்ல. கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீச்சரம் போன்ற கோயில்களில் குடிக்குக் குடி ஆள் நிறுத்தி, கோயிலை நிருவகிக்கிற வண்ணக்கரைத் தெரிவு செய்து, அவரிடம் பொறுப்பைக் கொடுத்து, திரும்பக் கணக்குக் கேட்கிற வழக்கம் நம்முடைய பாட்டன் பூட்டன் காலத்தது. தெரிவு செய்தவர்களிடம் கணக்குக் கேட்பது என்பதை எங்கோ வெளிநாட்டிலிருந்து பயிற்சிப் பட்டறை வைத்து நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

அப்படியானால் அதே எண்பது பேரும் அந்த மண்டபத்தை விட்டு வெளியே வந்து, வாசலில் தேங்கி நின்ற கறுப்புத் தண்ணீரைத் தாண்டுவதற்குச் சேலையைத் தூக்கிப் பிடித்தபோது, இந்த வடிகானுக்கு ஒதுக்கிய காசு எங்கே போனது என்று ஏன் ஒருவரும் கேட்கவில்லை? நானும் கேட்கவில்லை. அன்று இரவு எனக்கு நித்திரை வரவில்லை.

எங்கள் குறுக்கு வீதி வாவிப் பக்கமாகச் சரிந்து போகிறது. ஐப்பசி பிறந்து மழை பிடித்தால் மேட்டுப் பக்கத்துத் தண்ணீர் முழுவதும் அதனால்தான் இறங்க வேண்டும். எங்கள் வீட்டுக்கு நாலாவது வளவில் ஒரு பெரியம்மா தனிய இருக்கிறா. பிள்ளைகள் இரண்டு பேரும் வெளிநாட்டில். ஒரு மாரியில் நான் முழங்கால் தண்ணீரில் அவவைப் பார்க்கப் போனேன். தண்ணீர் மூன்றாம் படி ஏறி உள்ளுக்கு வந்துவிட்டது. அரிசிப் பை மேசைக்கு மேல், கணவருடைய படம் அலுமாரிக்கு மேல், வெறுமையாகிப்போன கேஸ் சிலிண்டர் மிதந்து போகாமல் பழைய சேலை ஒன்றால் யன்னல் கம்பியில் கட்டியிருந்தது. கட்டிலில் கால் இரண்டையும் மடக்கி வைத்துக்கொண்டு இருந்தவ என்னைக் கண்டதும், “வா புள்ள, தேத்தண்ணி ஊத்தத்தான் வழியில்ல” என்றா. அந்தச் சொல் இன்னும் என் காதுக்குள் இருக்கிறது.

அந்த வீதிக்கு வடிகான் கட்டினார்கள். கட்டிய நாளில் நாங்கள் எல்லோரும் சந்தோசப்பட்டோம், வேலையாட்களுக்குப் பிளேன் ரீ கொடுத்தோம். அடுத்த மாரியிலும் தண்ணீர் மூன்றாம் படிக்கு வந்தது. வடிகான் வாவி வரைக்கும் போகவே இல்லை, நடுவழியில் ஒரு வெறும் வளவோடு நின்றுவிட்டது.

சடங்குக் கூட்டத்துக்குப் பிறகு மாதர் சங்கத்தில் ஐந்து பேர் சேர்ந்து தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு விண்ணப்பம் எழுதினோம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் அது, 2017 பெப்ரவரி 3 முதல் நடைமுறையில் இருக்கிறது. சட்டத்தரணி தேவையில்லை. ஒரு வெள்ளைத் தாளில் மூன்று கேள்வி எழுதினோம்: இந்த வடிகான் எவ்வளவு நீளத்துக்கு அனுமதிக்கப்பட்டது, எவ்வளவு நீளம் கட்டி முடிந்தது, எவ்வளவு பணம் கொடுக்கப்பட்டது. பொறுப்பான ஓர் அரச அலுவலகத்தில் கொண்டுபோய்க் கொடுத்தோம். எந்த அலுவலகம் என்று இங்கே எழுதப்போவதில்லை, ஆட்களைப் பழிக்க நான் இந்த மடலை எழுதவில்லை.

வாங்கிய தம்பி, “ஏன் மிஸ், இது உங்களுக்கு என்னத்துக்கு?” என்று கேட்டார். மரியாதையாகத்தான் கேட்டார். காரணம் சொல்லத் தேவையில்லை என்று சட்டம் சொல்கிறது, நானும் அதையே சொன்னேன். வாங்கியதற்கு அத்தாட்சி கேட்டு எடுத்தோம். பதினான்கு வேலை நாட்களுக்குள் முடிவு தெரிவிக்க வேண்டும். தெரிவிக்கவில்லை. பதினான்கு நாட்களுக்குள், அங்கே மேன்முறையீட்டைக் கேட்பதற்கென்று குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு செய்தோம். அதற்கும் பதில் வராவிட்டால் கொழும்பில் இருக்கிற தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்குப் போவதென்று தீர்மானித்திருந்தோம். அதற்குத் தேவை வரவில்லை. இரண்டு தாளில் பதில் வந்தது.

நீளம் 180 மீற்றர், வேலை பூர்த்தி என்று இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை விடியவே அளக்கப் போனோம். வீதியில் தையல் தைக்கிற தங்கச்சி அளவு நாடாவைக் கொண்டுவந்தா. அது போதாது என்பதால் உடுப்புக் காயப்போடுகிற நைலோன் கயிற்றை எடுத்து, பத்து மீற்றருக்கு ஒரு முடிச்சுப் போட்டு, முடிச்சில் சிவப்பு நூல் கட்டினோம். ஒரு தலைப்பை நான் பிடித்தேன், மற்றத் தலைப்பை அந்தத் தங்கச்சி. சின்னப் பிள்ளைகள் கூட நடந்து முடிச்சு எண்ணினார்கள். இரண்டு தரம் அளந்தோம். இரண்டு தரமும் 112 மீற்றருக்கு மேல் கயிறு போகவில்லை.

மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்த ஒரு அண்ணன், எங்கள் சங்கங்களில் ஒன்றில் பெரிய பொறுப்பில் இருப்பவர், “பொம்புளையள் றோட்டில நிண்டு கயிறு புடிக்கிறது வடிவில்லை. தேவையில்லாத பிரச்சினைய விலைக்கு வாங்கிறீங்க” என்று சொன்னார். அவர் கெட்டவர் அல்ல. எங்கள் வீட்டில் செத்தவீடு என்றால் முதல் ஆளாகக் கதிரை இறக்குகிறவர். அவருடைய சொல்லுக்குப் பின்னால் இருந்த பயத்தைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

அந்த இரண்டு தாளையும் எங்கள் அளவையும் இணைத்து, நாற்பத்து மூன்று கையெழுத்தோடு ஒரு கடிதம் கொடுத்தோம். ஒரு பொறியியலாளர் வந்து பார்த்தார். மிச்சம் இரண்டாம் கட்டம் என்றார். இரண்டாம் கட்டம் என்ற ஒரு சொல் அந்தத் தாள்களில் இல்லை. அதைக் காட்டினோம். அவர் சிறிது நேரம் தாளைப் பார்த்துக்கொண்டு நின்றார். நாலு மாதத்தில் மிச்ச வடிகானை வெட்டினார்கள். கடைசிப் பத்து மீற்றர் இன்னும் கட்டவில்லை, மண் வாய்க்காலாகக் கிடக்கிறது. ஆனால் அந்த மாரியில் பெரியம்மா வீட்டில் தண்ணீர் முதலாம் படியோடு நின்றது. அவ எங்களுக்குத் தேத்தண்ணி ஊற்றித் தந்தா.

இவ்வளவையும் எழுதியதன் நோக்கம் எங்கள் ஐந்து பேரின் புகழ் அல்ல. சங்கங்கள் கேட்டிருந்தால் இது ஒரு கிழமை வேலை. ஐந்து பெண்கள் கேட்டதால் ஏறக்குறைய ஒரு வருடம் எடுத்தது.

அதன் பிறகுதான் நான் மாநகர சபை அமர்வைப் பார்க்கப் போகத் தொடங்கினேன். 1947ஆம் ஆண்டின் மாநகர சபைகள் கட்டளைச் சட்டப்படி சபை மாதத்துக்கு ஒரு தரமாவது கூட வேண்டும். பொதுமக்கள் போய் இருந்து கேட்கலாம். நான் முதல் தரம் போன நாள் பொதுமக்களுக்கான கதிரைகளில் நானும் பத்திரிகைக்குச் செய்தி எழுதுகிற ஒரு தம்பியும் மட்டும். யாராவது தெரிந்த முகம் வரும் என்று வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். தெருவிளக்கைப் பற்றிப் பேசினார்கள், சந்தைக் கடை வாடகையைப் பற்றிப் பேசினார்கள், குப்பை எடுக்கிற உழவு இயந்திரத்தின் பழுதைப் பற்றிப் பேசினார்கள். எல்லாம் நாம் சந்தியில் நின்று பேசுகிற விசயங்கள். வித்தியாசம் என்னவென்றால் அங்கே பேசினால் அது கூட்டக் குறிப்பில் பதிவாகிறது, பிறகு அதைக் காட்டிக் கேட்கலாம்.

ஒன்றை உங்களிடம் நேரடியாகக் கேட்கிறேன். 2018 பெப்ரவரி 10ஆம் திகதி நாம் தெரிவு செய்த சபையின் காலம் 2023 மார்ச் மாதத்தோடு முடிந்தது. 2023 மார்ச் 9ஆம் திகதி நடக்கவிருந்த தேர்தல், காசில்லை என்ற காரணத்தோடு நடக்காமல் போனது. அப்படி நடத்தாமல் விட்டது மக்களின் அடிப்படை உரிமையை மீறிய செயல் என்று 2024 ஆகஸ்ட் மாதம் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நாம் வாக்களித்தது 2025 மே 6ஆம் திகதி. இடையில் இரண்டு வருடத்துக்கு மேல் இந்த நகரத்தை அதிகாரிகள் மட்டும் நிருவகித்தார்கள். நாம் வீடு வளவுக்குச் சபைக்குக் கட்டுகிற சோலை வரியைக் கட்டினோம், கடைக்காரர்கள் வாடகை கட்டினார்கள், ஆனால் எங்கள் சார்பில் எழும்பி நின்று கேட்க ஓர் உறுப்பினர் இல்லை. அந்த இரண்டு வருடத்தில் உங்கள் சங்கத்தின் எத்தனை கூட்டக் குறிப்பில் இது எழுதப்பட்டது? எங்கள் சங்கத்துக் குறிப்பேட்டைப் புரட்டிப் பார்த்தேன். ஒரு வரி இல்லை. சுற்றுலாவுக்குப் போக பஸ் பேசியது இருக்கிறது, ஒளிவிழாவுக்குப் பரிசு வாங்கியது இருக்கிறது.

பயத்தைப் பற்றி எழுதுவதாகச் சொன்னேன். இந்த நகரத்தில் முப்பது வருடம் ஒரு பட்டியலில் பேர் வருவது ஆபத்தாக இருந்தது. கையெழுத்து வைத்தால் யார் கையில் போகும் என்று தெரியாது. கூட்டத்துக்குப் போனவர் வீடு திரும்பாத நாட்கள் இருந்தன. அதனால் அம்மாமார் பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்த்தார்கள்: முன்னுக்கு நிற்காதே, பின்னுக்கும் நிற்காதே, நடுவில் நில். என் அம்மாவும் அப்படித்தான் சொன்னா. அந்தப் பயம் பொய்யல்ல, அதைக் கொண்டு வாழ்ந்தவர்களை நான் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் இதே ஊரில் பயத்துக்குள்ளே இருந்து எழும்பியவர்களும் இருந்தார்கள். 1988இல் மாமாங்கத்துக் கோயில் முன்றலில், போரை நிறுத்தச் சொல்லி, அன்னையர் முன்னணியின் சார்பில் பூபதி அம்மா மார்ச் 19ஆம் திகதி உண்ணாவிரதம் இருக்கத் தொடங்கி, ஏப்ரல் 19ஆம் திகதி உயிர் விட்டார். 1991இல் இடம்பெயர்ந்த பெண்களோடு கொழும்பில் தொடங்கி, 1993இல் மட்டக்களப்புக்கு வந்த சூரியா பெண்கள் அபிவிருத்தி நிலையம், துப்பாக்கிகள் நடமாடிய தெருக்களிலேயே பெண்களுக்காக வேலை செய்தது. 2022இல் எரிபொருளுக்கும் மாவுக்கும் சனம் வரிசையில் நின்ற காலத்தில் இந்த நகரத்துப் பெண்கள் நீதிக்கான நடை என்று நாள்தோறும் வீதியில் நடந்தார்கள். சித்தாண்டியில் மயிலத்தமடு, மாதவணை மேய்ச்சல் தரைக்காகப் பண்ணையாளர்கள் 2023 செப்டெம்பர் 15ஆம் திகதி தொடங்கிய போராட்டம் மாதக்கணக்காக நடந்ததை நாம் எல்லோரும் வீதியால் போகும்போது பார்த்திருக்கிறோம்.

வீதியில் இருக்க இந்த ஊருக்குத் தெரியும். வெயில், மழை, மிரட்டல் எல்லாவற்றையும் தாங்கி இருக்கத் தெரியும். நமக்குப் பழக்கம் வராதது, ஒவ்வொரு மாதமும் ஒரு காலைப் பொழுதை ஒதுக்கி, ஒரு கொப்பியோடு போய், சபையின் கதிரையில் இருந்து, யார் என்ன சொன்னார்கள் என்று எழுதிக்கொண்டு வருவது. உயிரைக் கொடுத்தவர்கள் வாழ்ந்த ஊரில் இது மிகச் சின்ன வேலை.

பெண்களுக்கு ஒரு சொல் தனியாகச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் வீடு வளவு பெண்பிள்ளைக்குத்தான் எழுதுகிறோம். அக்காவுக்கு ஒரு வீடு, தங்கச்சிக்கு ஒரு வீடு என்று கட்டிக் கொடுத்துவிட்டுத்தான் தகப்பன் கண்ணை மூடுகிறார். ஆகவே சோலை வரித் துண்டை எடுத்துப் பாருங்கள், பெரும்பாலும் அதில் பெண்ணின் பேர்தான் இருக்கும். வரி எங்கள் பேரில் வருகிறது. வரி எங்கே செலவாகிறது என்று பேசுகிற இடத்துக்கு எங்கள் வீட்டு ஆம்பிளைகளும் போவதில்லை, நாங்களும் போவதில்லை. 2016, 2017ஆம் ஆண்டுகளில் திருத்திய தேர்தல் சட்டத்தால் உள்ளூராட்சி சபைகளில் பெண்களுக்கு 25 சதவீதம் ஒதுக்கினார்கள். அதற்கு முன் நாடு முழுவதிலும் அந்தச் சபைகளில் பெண்கள் 2 சதவீதத்துக்கும் குறைவு. இப்போது சபைக்குள்ளே பெண்கள் இருக்கிறார்கள். சிலர் முதல் முறை ஒலிவாங்கியைப் பிடிக்கிறார்கள். அவர்கள் பேசுகிற நேரத்தில் எதிரே பத்துப் பெண்கள் இருந்து கேட்டுக்கொண்டிருந்தால் அவர்களுடைய குரல் எப்படி மாறும் என்று நினைத்துப் பாருங்கள்.

வேறு நகரங்களிலும் சாதாரண சனம் இதைச் செய்து காட்டியிருக்கிறார்கள். பிரேசில் நாட்டில் போர்ட்டோ அலெக்ரே என்று ஒரு பெரிய நகரம், பத்து இலட்சத்துக்கு மேல் சனம். அங்கே 1989இல் தொழிலாளர் கட்சியின் நிருவாகம், நகரத்து முதலீட்டுக் காசை எதில் செலவழிப்பது என்று பகுதி பகுதியாகச் சனத்தைக் கூட்டிக் கேட்கத் தொடங்கியது. சனம் கேட்டது பூங்காவோ வளைவோ அல்ல. தண்ணீரும் கழிவு வடிகாலும் வீதியும்தான். 1988இல் 75 சதவீத வீடுகளுக்கு இருந்த தண்ணீர், கழிவுநீர் இணைப்பு 1997இல் 98 சதவீதத்துக்கு ஏறியது. கூட்டத்துக்கு அதிகம் வந்தவர்கள் ஏழைகள். பின்னாளில் ஆட்சிகள் மாறின, அந்த முறையும் தேய்ந்து, 2017இல் நிறுத்தப்பட்டது. அதையும் நான் மறைக்க மாட்டேன். சபை தானாக விரும்பித் தருவது ஒருநாள் தானாக நின்றும் போகும். அதனால்தான் இதைச் சபையிடம் கேட்காமல் உங்களிடம் கேட்கிறேன். கேரளத்தில் 1996இல் மக்கள் திட்டம் என்று தொடங்கி, மாநிலத்தின் திட்டச் செலவில் 35 முதல் 40 சதவீதத்தை உள்ளூராட்சிகளுக்குக் கொடுத்தபோதும், அதை ஓட வைத்தது வாசகசாலைகளும் ஊர்ச் சங்கங்களும் அறிவியல் இயக்கத்து இளைஞர்களும். அங்கே வாசகசாலை செய்ததை இங்கே நம்முடைய சனசமூக நிலையங்கள் செய்ய முடியாதா? பத்திரிகை போட இடம் இருக்கிறது, மேசை இருக்கிறது, மின்விசிறி இருக்கிறது.

இன்னும் இரண்டு ஆட்களை நாம் மறந்துவிடுகிறோம். ஒருவர், நம்முடைய குப்பையை அள்ளுகிற தொழிலாளி. விடிய ஐந்து மணிக்குக் கையுறை இல்லாமல் உடைந்த போத்தலைத் தூக்குகிறவரை வடிகான் பற்றிய கூட்டத்துக்கு நாம் ஒருநாளும் அழைத்ததில்லை. எந்த மதகு அடைத்திருக்கிறது, எந்தக் கடைக்குப் பின்னால் கழிவெண்ணெய் ஊற்றுகிறார்கள் என்று அவருக்குத்தான் தெரியும். திருப்பெருந்துறையில் குப்பைமேடு எரிந்தபோது புகை குடித்தவர்களும் ஏழைகள்தான். கொழும்பு மீதொட்டமுல்லையில் 2017 ஏப்ரல் 14ஆம் திகதி, புத்தாண்டு நாளில், குப்பைமலை சரிந்து வீடுகளை மூடி 32 பேர் செத்தார்கள். அங்கத்துச் சனம் வருடக்கணக்காகக் குப்பையைக் கொட்டவேண்டாம் என்று கத்திக்கொண்டிருந்தார்கள். அவர்கள் தனியாகக் கத்தினார்கள், நகரம் கேட்கவில்லை. ஒரு நகரம் தன்னுடைய குப்பையை எங்கே கொட்டுகிறது என்று கேட்பது, அந்த இடத்தில் வீடு வைத்திருப்பவனின் வேலை மட்டுமல்ல.

மற்றவர், எல்லைக்கு அந்தப் பக்கத்தில் இருக்கிறவர். காத்தான்குடிக்கு ஒரு சபை, ஆரையம்பதிக்கு ஒரு சபை, நமக்கு ஒரு சபை. ஆனால் வாவி ஒன்றுதான். மாரியில் வாவி நிரம்பி, முகத்துவாரத்தை வெட்டித் தண்ணீரைக் கடலுக்கு விடுவதா இல்லையா என்று பேச்சு வருகிறபோது, வயல்காரர் ஒன்று சொல்வார், மீன்பிடிக்கிறவர் ஒன்று சொல்வார், தாழ்ந்த நிலத்தில் வீடு உள்ளவர் ஒன்று சொல்வார். அவர்களில் தமிழரும் இருக்கிறார்கள், முஸ்லிம்களும் இருக்கிறார்கள், பறங்கியரும் இருக்கிறார்கள். தண்ணீர் ஏறுகிறபோது யாருடைய படி என்று பார்த்து ஏறுவதில்லை. ஆகவே பள்ளிவாசல் நிருவாகத்தாரையும் பங்குச் சபையாரையும் இந்த மடலின் தலைப்பில் சேர்த்தது மரியாதைக்காக மட்டுமல்ல. நீங்கள் வராமல் இந்த வேலை அரைவாசி.

நான் கேட்பது பெரிய காரியம் அல்ல. உங்கள் அடுத்த நிருவாகக் கூட்டத்தில் இரண்டு பேரைத் தெரிவு செய்யுங்கள், அதில் ஒருவர் பெண்ணாக இருக்கட்டும். அவர்களுக்கு வேறு பதவி கொடுக்க வேண்டாம். மாதம் ஒருமுறை சபை அமர்வுக்குப் போய்வந்து, சங்கக் கூட்டத்தில் பத்து நிமிடம் சொல்வதுதான் அவர்கள் வேலை. போக்குவரத்துக் காசைச் சங்கம் கொடுக்கட்டும், சுற்றுலாப் பணத்தில் அது ஒரு மூலைக்கும் காணாது.

இப்போதைய முறையில் சபை உறுப்பினரில் 60 சதவீதம் வட்டாரத்தில் இருந்து வருகிறார்கள். உங்கள் வட்டாரத்துக்கு என்று ஓர் உறுப்பினர் இருக்கிறார். அவரைச் சங்கத்துக்கு அழையுங்கள். பொன்னாடை வேண்டாம், மாலை வேண்டாம், குத்துவிளக்கு ஏற்றச் சொல்ல வேண்டாம். நாம் பொன்னாடை போர்த்துகிற நாளில் கேள்வி கேட்பது மரியாதைக் குறைவாகிவிடுகிறது, அது அவருக்கும் தெரியும். ஒரு கதிரை கொடுங்கள், ஒரு தேத்தண்ணி கொடுங்கள், நம்முடைய பாயில் இருந்து எழும்பி நின்று, அந்த எண்ணெய்ப் போத்தலைக் கேட்டது போலவே கேளுங்கள். அவர் எந்தக் கட்சி என்று பார்க்க வேண்டாம். நல்ல உறுப்பினருக்கு இது பலம். தனக்குப் பின்னால் சனம் இருக்கிறது என்று சபையில் சொல்ல அவருக்கு ஓர் ஆதாரம் வேண்டாமா?

வருட முடிவுக்கு முன் அடுத்த வருடத்தின் வரவு செலவுத் திட்டம் சபைக்கு வரும். ஜனவரி 1 முதல் காசு எங்கே போகும் என்பதை அந்தக் கொஞ்ச நாட்களில்தான் எழுதுகிறார்கள். எழுதி முடித்த பிறகு நாம் கொடுக்கிற மகஜரை ஒரு கோவைக்குள் வைப்பதைத் தவிர அவர்களுக்கும் வழியில்லை. ஆகவே மழை பிடிக்கும் முன் ஒவ்வொரு சங்கமும் தன் பகுதியைச் சுற்றி ஒருமுறை நடந்து பாருங்கள். பிள்ளைகளையும் குப்பை எடுக்கிற தம்பியையும் கூட்டிக்கொண்டு போங்கள். சக்கர நாற்காலியில் இருப்பவர் ஒருவர் உங்கள் பகுதியில் இருந்தால் அவரையும். எங்கே தண்ணீர் நிற்கிறது, எங்கே விளக்கில்லை, எங்கே பள்ளிப் பிள்ளை வீதியைக் கடக்கப் பயப்படுகிறது என்று எழுதுங்கள். இருபது எழுதினால் அதில் மூன்றைத் தெரிந்து எடுத்து, அந்த மூன்றை மட்டும் உறுப்பினர் கையில் கொடுத்து, கொடுத்ததற்குக் கையெழுத்து வாங்குங்கள்.

எழுதத் தெரியாத அம்மாமார் உங்கள் சங்கத்தில் இருந்தால், தகவல் கேட்பதற்கு எழுத்து வேண்டியதில்லை என்று அவர்களுக்குச் சொல்லுங்கள். வாயால் கேட்டாலும் தகவல் அலுவலர் எழுதிக்கொள்ள வேண்டும் என்று சட்டம் சொல்கிறது.

கிடைத்த பதிலைக் கோயில் கணக்கு ஒட்டுகிற அதே பலகையில் ஒட்டுங்கள். வட்ஸ்அப் குழுவில் போடுவது நல்லதுதான், ஆனால் அது இரண்டு நாளில் பிறந்தநாள் வாழ்த்துக்களுக்குக் கீழே புதைந்துவிடும். பலகையில் இருந்தால் தண்ணீர் எடுக்கப் போகிறவரும் வாசிப்பார்.

மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்த அண்ணனைப் பற்றி ஒன்று சொல்ல விட்டுப்போனது. வடிகானின் மிச்சத்தை வெட்ட வந்த நாளில் அவர் தன் வீட்டு வாசலில் நின்று வேலையாட்களுக்கு வழி காட்டிக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் உள்ளே போய், ஒரு அளவு நாடாவோடு வந்தார். இரும்பு நாடா, ஐம்பது மீற்றர். அவருடைய தகப்பன் மரவேலை செய்கிற ஓடாவியாக இருந்தவர். “அந்தக் கயிறு மழைக்கு நீளும். இதால அளங்க” என்று என் கையில் தந்தார். இப்போது அது எங்கள் சங்கத்து அலுமாரிக்குள் இருக்கிறது. எந்தச் சங்கத்துக்குத் தேவையென்றாலும் வந்து கேளுங்கள், கொப்பியில் கையெழுத்து வைத்துவிட்டு எடுத்துப் போகலாம்.

அடுத்த அமர்வு எந்த நாள் என்று மாநகர சபைக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். நான் அன்றைக்கு ஒரு மணித்தியாலம் முன்னதாக வாசலில் நிற்பேன், கறுப்புக் குடையும் நீல மட்டைக் கொப்பியும் கையில் இருக்கும். முதல் தரம் வருகிறவர்களுக்கு எங்கே இருப்பது, எப்போது எழும்புவது என்று காட்டித் தருகிறேன். பேனை இரண்டு கொண்டுவாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் சகோதரி,
மாதர் சங்க அங்கத்தவர்,
மட்டக்களப்பு.